முதல் பாகத்துக்கு முன்கதை இல்லை

இன்னாசி முதல்தடவை பாகம் மாறியது ஒரு வியாழக்கிழமை என்றும், இல்லை, வெள்ளிக்கிழமை, அன்றைக்குத்தானே மீன்குழம்பு வைத்திருந்தோம் என்றும் எங்கள் தெருவில் இன்னமும் தகராறு உண்டு, தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவில் என்றைக்குத்தான் மீன்குழம்பு இல்லை என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் மாறினான் என்பதில் இரண்டு கருத்து கிடையாது, ஏனென்றால் முந்தின நாள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வீட்டுக்குள் போனவன் ஐந்தரை அடி ஆள், மறுநாள் காலையில் பல் துலக்க வெளியே வந்தவன் நிலைப்படியில் நெற்றியை நங்கென்று இடித்துக்கொண்டான். அன்றைக்குத்தான் டெல்வின் கடையில் லாந்தர் இரண்டாம் பாகம் வந்து இறங்கியிருந்தது.

லாந்தர் என்பது ஒரு வீடியோ கேம். பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டில் செய்தது. பெயரில்லாத ஒருவன் கையில் லாந்தரைப் பிடித்துக்கொண்டு ஓர் இருட்டுத் தீவில் இடமிருந்து வலமாக நடப்பான், பள்ளம் வந்தால் தாண்டுவான், விழுந்து செத்தால் மறுபடி முதலில் இருந்து நடப்பான், முதல் பாகம் அவ்வளவுதான். தொண்ணூற்றொன்பதில் டெல்வின் கடையின் எட்டு டிவியிலும் அதுதான் ஓடியது, இருபத்திரண்டு வயது இன்னாசிதான் அதை முதலில் முடித்தான், அவனுக்குப் பின்னால் நாற்பது பேர் முடித்தார்கள், அந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் உயரம் கூடவில்லை. ஏன் இன்னாசிக்கு மட்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஏன் என்று கேட்டு எங்களுக்கு என்ன ஆகப்போகிறது?

எதையும் மூன்று நாளில் செரித்துவிடும் தெரு எங்களுடையது. முதல் நாள் வாசலில் கூட்டம் கூடியது. இரண்டாம் நாள் பங்குச்சாமியார் வந்து அவன் தலையில் கைவைத்துப் பார்த்து, ஞானஸ்நானம் ஒருதடவைதான், இதற்கெல்லாம் மறுபடி தண்ணீர் ஊற்ற முடியாது என்று சொல்லி, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் தையல்காரர் அவனுடைய கால்சட்டைகளின் மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்துக் கொடுத்தார், துறைமுக வாசலில் அட்டை பார்ப்பவர் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாகம் மாறிட்டியளோ?" என்று கேட்டார், இவன், "ஆமா அண்ணாச்சி" என்றான், கேட் திறந்தது. கிரேன் ஓட்டத் தெரிகிறதா என்பதுதான் அவர்களுக்கு வேண்டும், அது எந்தப் பாகத்திலும் அவனுக்கு மறந்ததில்லை.

ஜெனோவாவைப் பெண் பார்க்க வந்தது இரண்டாம் பாகத்து இன்னாசி. கோயிலில் மூன்று ஞாயிறு, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டுக் கல்யாண ஓலை வாசித்து முடித்து, பந்தலுக்குச் சொல்லும் நேரத்தில் ஜெனோவாவின் அப்பா ஒரு கொக்கி போட்டார். "பாத்தவன் ஒருத்தன், கட்டுதவன் ஒருத்தன்னு ஆயிரக் கூடாதுல்லா? மூணாவது வந்து எறங்கட்டும், அந்த ஆளையும் ஒரு கண்ணு பாத்துக்கிட்டுக் கட்டி வைப்போம்" என்றார். நியாயம்தான் என்று பட்டது எங்களுக்கு. ஆனால் கம்பெனிக்காரன் மூன்றாம் பாகத்தை இதோ அதோ என்று எட்டு மாதம் தள்ளிப்போட்டான், கல்யாணமும் எட்டு மாதம் தள்ளிப்போனது, முகம் தெரியாத அந்த வெள்ளைக்காரனைத் தெருவே சேர்ந்து வைதது. கடைசியில் வந்த மூன்றாம் பாகத்தில் ஆட்டம் முழுக்க மாறியிருந்தது, லாந்தர்க்காரன் வலது பக்கம் மட்டும் நடப்பதை விட்டு நாலா பக்கமும் திரும்பி நடந்தான். இன்னாசியும் கொஞ்சம் கறுத்து, இடது கன்னத்தில் ஒரு மச்சத்தோடு எழுந்து வந்தான். ஜெனோவா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "எந்தப் பாகத்துலதான் மூக்கு நேரா இருக்கப் போவுது, இதே போதும்" என்றாள். அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

மூன்று வருசம் கழித்து நான்காம் பாகம் வந்த காலையில்தான், தான் கழுத்தை நீட்டியது எதற்கு என்று அவளுக்குப் புரிந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தவனுக்கு மீசை இல்லை, குரல் கட்டையாகியிருந்தது, அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. பார்வைதான் வேறாக இருந்தது. பஸ்ஸில் எப்போதோ பக்கத்து சீட்டில் இருந்தவளைப் பார்க்கிறமாதிரி பார்த்தான். தன் பெயர் தெரியும், வீடு தெரியும், இவள் மனைவி என்பதும் தெரியும், ஆனால் எல்லாம் யாரோ சொல்லித் தெரிந்தமாதிரி இருந்தது அவனுக்கு. இவன் என் ஆள்தானா, இல்லையென்றால் நான் யாரோடு இருக்கிறேன் என்று அவளுக்கு ஒரு பயம் பிடித்தது, அந்தப் பயம் பிறகு எல்லாப் பாகத்துக்கும் வந்தது.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவன் எதிரில் தரையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். "நீங்க இன்னாசி. உங்க அம்மை பேரு செபஸ்தியாள், உங்க சின்ன வயசுலயே அப்பா கடல்ல போயிட்டாவ, தொண்ணூத்தெட்டுல அம்மையும் போயிட்டாவ, கூடப்பொறந்தவுக யாரும் இல்ல" என்று தொடங்கி, பெண் பார்க்க வந்தது, ஓலை வாசித்தது, கல்யாணத்தன்று சாப்பாட்டுப் பந்தி நடந்தது என்று சொல்லிக்கொண்டே போனாள், அவன் ஒவ்வொன்றுக்கும் 'ம்' கொட்டினான், அரைமணி நேரம் கழிந்தது. பிறகு அவன் தலையைத் தூக்கி, "அன்னைக்குப் பந்தி நடக்கும்போது மழை பெஞ்சி பாயாசத்துல தண்ணி விழுந்துச்சுல்லா?" என்றான். மழையைப் பற்றி அவள் சொல்லியிருக்கவே இல்லை. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. புதுப் பாகம் வருகிற காலையில் தெருவில் யாரும் இன்னாசியிடம் பேச மாட்டோம், ஜெனோவா முதலில் பேசி முடிக்க வேண்டும். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் போடுகிறமாதிரி அதற்கு முன்கதை என்று பெயர் வைத்தோம். அவள் கதவைச் சாத்திக்கொண்டு சொல்வாள், பெண்கள் வெளியே நின்று காத்திருப்பார்கள், அவள் சொல்லாத ஒன்றை அவன் தானாக எடுத்துச் சொல்கிற அந்தக் கணத்தில் முன்கதை முடிந்தது, கதவு திறக்கும், தெருவுக்கே காபி. ஐந்தாம் பாகத்தில் முன்கதை ஒன்றரை மணி நேரம் ஓடியது; அதில் அவள் தன் தம்பியோடு அவன் போட்ட சண்டையை மட்டும் நைசாக விட்டுவிட்டாள், ஒருவருசமாக முகம் பார்க்காதவர்கள் அன்று சாயங்காலம் தோளில் கைபோட்டுக்கொண்டு போனதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்.

ஆறாம் பாகத்தில் லாந்தரே இல்லை. கம்பெனிக்காரனுக்கு என்ன பித்து பிடித்ததோ, லாந்தர் என்று பெயரை வைத்துவிட்டுக் கையில் லாந்தர் இல்லாமல் ஆளை நடக்கவிட்டான், இசை கிடையாது, தாண்டல் கிடையாது, சாம்பல் நிறத்தில் ஒரு வெளி, அதில் மெதுவாக ஒரு நடை. கடையில் இரண்டு நாளுக்கு மேல் யாரும் அதை ஆடவில்லை. அந்தப் பாகத்து இன்னாசியும் அப்படித்தான், ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம், நடக்கச் சொன்னால் நடப்பான், இருக்கச் சொன்னால் இருப்பான், எங்களுக்கு அவனைப் பிடிக்கவே இல்லை. அந்த வருசம்தான் அவர்களுடைய குழந்தை அமலி, ஏழு மாதம், காய்ச்சலில் போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினோரு நாள் அவன் ஜெனோவாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான், ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்ல அவனிடம் வார்த்தையும் இல்லை, அவள் தலையைச் சாய்த்த நேரமெல்லாம் தோள் அங்கே இருந்தது. அடக்கம் முடிந்து வந்த பிறகும் இரண்டு வருசம் அந்தத் தோள் அங்கேயே இருந்தது.

ஏழாம் பாகம் ஜோரான பாகம், லாந்தர் திரும்பி வந்துவிட்டது, குதிரை வந்தது, பாட்டு வந்தது, டெல்வின் கடைக்கு வரிசை நின்றது. இன்னாசியும் சினிமாக்காரன் மாதிரி எழுந்து வந்தான். ஜெனோவா முன்கதை சொன்னாள், கல்யாணம் வந்த இடத்தில் அவனாகவே மழையை எடுத்துச் சொன்னான், அவள் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தாமல் அமலி வரைக்கும் போனாள். பதினோரு நாளையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். போர்வையின் நிறத்தைச் சொல்வான், ராத்திரி டூட்டி நர்சம்மாவின் பெயரைச் சொல்வான், ஏதாவது ஒன்றைச் சொல்வான் என்று இருந்தாள். அவன் உச்சுக்கொட்டி, "பாவம்" என்றான், யார் வீட்டிலோ நடந்ததைக் கேட்டவன் மாதிரி.

அன்றைக்கு ஜெனோவாவுக்கு மனசு மரத்துப்போனது. அழவில்லை, சண்டை போடவில்லை, கதவைத் திறந்து எங்களுக்குக் காபி கொடுத்தாள். சப்பணம் போட்டு மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிறமாதிரி அடுத்த வருசங்களை நடந்தாள். எட்டாம் பாகத்துக்காரன் மரியாதையானவன், முன்கதை முழுக்க சரியான இடங்களில் 'ம்' கொட்டினான், அமலி வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டான், எந்த இடத்திலும் தானாக எதையும் சொல்லவில்லை. மத்தியான மணி அடித்தபோது அவள் அலுத்துப்போய் எழுந்துவிட்டாள். அது வெளியே நின்ற எங்களுக்குத் தெரியாது.

இதற்கிடையில் எங்கள் ஊர் லாந்தர் ரசிகர் மன்றத்துக்கும் பொறுமை போய்விட்டது. எட்டாம் பாகத்தில் தீவு இல்லை, நகரம் இருந்தது, லாந்தருக்குப் பதில் செல்போன் வெளிச்சம் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள், செயலாளர் டெல்வின் கரும்பலகையில் 'லாந்தர் என்பது எது?' என்று எழுதினான். லாந்தர்தான் லாந்தர் என்றார் ஒருவர், அப்படியானால் ஆறாவது என்ன என்று கேட்டார்கள். தீவு என்றார்கள், ஐந்தாம் பாகம் முழுக்கப் பாலைவனத்தில்தானே நடந்தது. தாண்டல், இசை, இருட்டு, எதை எழுதினாலும் அது இல்லாத ஒரு பாகம் கிடைத்தது, இரண்டு மணி நேரத்தில் பலகை வெறும் பலகையாகிவிட்டது. அதே வாக்கில் பேச்சு இன்னாசிக்குத் தாவியது, மீசைதான் இன்னாசி, இல்லை நடைதான், அதெல்லாம் இல்லை, பழைய ஆள் விசிலடிப்பானே அந்த விசில்தான் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் டெல்வின் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "நாம கேக்குத அத்தனையும் மொதப் பாகத்துல இருந்துச்சு. அதையே திருப்பிக் கேட்டா என்ன?" என்றான். மண்டபம் கைதட்டியது.

கம்பெனிக்கு எழுதிய மனுவைத் தூக்கிக்கொண்டு டெல்வின் ஜெனோவாவிடம் வந்தான்.

"மைனி, உங்க கையெழுத்து இல்லாம இத அனுப்பப்புடாதுன்னு எல்லாரும் சொல்லுதாவ."

"மொதப் பாகம் வந்தா அவுகளும் மொத ஆளா ஆயிருவாவளா?"

"ஆவாவ. மீசை, விசில், எல்லாம் அப்படியே."

"முன்கதை?"

"அத நீங்க எப்பவும்போல சொல்லுங்க. ஆளு மொத ஆளு, கத உங்க கத."

எட்டுப் பூச்சு பூசின சுவரில் ஆணி இறங்காது, பழைய சுவரில் இறங்கும் என்று அவள் நினைத்தாள். முதல் இன்னாசியிடம் அமலியைச் சொன்னால் ஒருவேளை ஒட்டும். இருநூற்றுப் பன்னிரண்டாவது பெயராகக் கையெழுத்துப் போட்டாள். உலகமெங்கும் அந்தமாதிரி மனுக்கள் போயிருக்க வேண்டும், கம்பெனிக்காரன் இறங்கிவந்து, ஒன்பதாம் பாகம் கிடையாது, முதல் பாகத்தையே தூசி தட்டித் தருகிறேன் என்றான். தெரு முனையில் பத்தடிக்கு ஃபிளெக்ஸ் வைத்தோம், அதில் லாந்தர்க்காரனும் இன்னாசியின் பழைய படமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள், கீழே வரிசையாக மன்றத்துக்காரர்கள் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள். இவ்வளவு யோசித்த தெரு ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. ஜெனோவாவும் யோசிக்கவில்லை.

அந்தக் காலையில் விசில் சத்தம் கேட்டுத்தான் அவள் விழித்தாள். அரும்பு மீசையோடு இருபத்திரண்டு வயது இன்னாசி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தான். அவள் வழக்கம்போல் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க இன்னாசி. உங்க அம்மை பேரு செபஸ்தியாள்."

"ஆமாக்கா. போன வருசம்தான் போயிட்டாவ. சாகும்போதுகூட என் சட்டைக்குப் பட்டன் தச்சிக்கிட்டு இருந்தாவ."

பட்டன் கதை அவள் இதுவரை கேட்டதே இல்லை. சொல்லாததைச் சொல்லிவிட்டான் என்று ஒரு கணம் அவள் நெஞ்சு துள்ளியது, அடுத்த கணம் அவன் தன்னை அக்கா என்று கூப்பிட்டது காதில் ஏறியது. அம்மாவை, பள்ளிக்கூடத்தை, அப்பா கடலுக்குப் போன நாளை எல்லாம் அவளைவிட அவன் நன்றாகச் சொன்னான், எல்லாம் அவனுக்கு நேற்று நடந்தது. அவள் விடாமல், "அப்புறம் ஆறு வருசம் கழிச்சி ஒரு பொண்ணக் கட்டுனிய" என்று தொடங்கினாள். அவன் சிரித்துக்கொண்டே இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"அக்கா, அக்கா, அது இனிமேல வாரதா? சொல்லிறாதீங்க. இப்பதான ஆரம்பிக்கேன்!"

ஜெனோவா நிறுத்திவிட்டாள். அவனுக்குள் போய்ச் சேர வேண்டிய இருபது வருசமும் அவள் வாயில் அப்படியே நின்றது. வேதனை என்று கூட அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கதவைத் திறந்தாள், நாங்கள் மாலையோடு உள்ளே பாய்ந்தோம், இன்னாசியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றினோம்.

மூன்று நாளில் செரித்தோம். முதல் நாள் பட்டாசு. இரண்டாம் நாள் தாலியைப் பற்றிப் பெண்களுக்குள் பேச்சு வந்தது, புருசன் செத்தால் கழற்றலாம், புருசன் விசிலடித்துக்கொண்டு தெருவில் போகிறானே, எதைச் சொல்லிக் கழற்றுவது என்று முடிவு தெரியாமல் அவள் கழுத்திலேயே விட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் அவனுக்கு முன்னறையில் பாய் போட்டாயிற்று, நாங்கள் அவனைத் தம்பி என்று கூப்பிடப் பழகிவிட்டோம். ஜெனோவாவுக்குத்தான் பழக்கம் வரவில்லை. அடுப்படியில் இருந்து, "என்னங்க, சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவாள், அவன் வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பி வாசலைப் பார்ப்பான்.

டெல்வின் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "இன்னொரு மனு எழுதட்டா மைனி? என்ன கேப்போம்?"

"ஆறாவது."

"ஆறாவதா? ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டாவளே மைனி."

இருந்தாலும் வீடு வீடாகப் போனான். நாங்கள் யாரும் போடவில்லை, அந்த ஊமைப் பாகம் யாருக்கு வேண்டும் என்று அவன் முகத்துக்கு நேரே சிரித்தோம், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவளுடையதும் டெல்வினுடையதுமாக இரண்டு கையெழுத்தோடு அந்த மனு போனது. பதில் வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னாசி புதுச் சட்டையோடு அவள் எதிரில் வந்து நின்றான். மேலத்தெருவில் ஷெரின் என்று ஒரு பெண், பள்ளிக்கூடத்தில் டீச்சர், பேசி முடித்துவிட்டார்களாம் இரண்டு பேரும். "எனக்குன்னு யாருக்கா இருக்கா? நீங்கதான் வந்து பொண்ணு கேக்கணும்" என்றான். பங்குச்சாமியார் இரண்டு வாரம் ஜெபித்தார், பதிவேட்டைப் புரட்டினார், இங்கே கல்யாணம் முடித்ததாக எழுதியிருப்பது மூன்றாம் பாகம், முதல் பாகம் யாரையும் கட்டவில்லை, ஜெனோவாவுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் ஓலை வாசிக்கலாம் என்றார். ஜெனோவா கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள் என்று சாமியார் பிறகு எங்களிடம் சொன்னார்.

தட்டோடு மேலத்தெருவுக்குப் போனபோது ஷெரினின் அப்பா கேட்டார், "மாப்பிள்ள பாகம் மாறுவாருன்னு சொல்லுதாவளே?"

"மாறுவாவ" என்றாள் ஜெனோவா. "ரெண்டாவதையும் தூசி தட்டுதாங்களாம். மூணு வருசம் ஆவும்."

பெரியவர்கள் நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது ஷெரின் அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். முகத்தில் பயம் எழுதி ஒட்டியிருந்தது. "மாறுத அன்னைக்கு நான் என்னக்கா செய்யணும்?"

"காலைல யாரும் பேசுததுக்கு முன்னால நீ பேசணும். கதவச் சாத்திக்கோ. தரையில உக்காந்துக்கோ. மொதல்ல இருந்து எல்லாத்தையும் சொல்லு, நல்லதையும் சொல்லு, கெட்டதையும் சொல்லு, ஒண்ணையும் விடாத. நீ சொல்லாத ஒண்ண அவுக வாய்ல இருந்து வாரவரைக்கும் நிறுத்தாத."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

ஷெரின் ஒவ்வொன்றாக மனசில் ஏற்றிக்கொள்கிறமாதிரி தலையாட்டினாள். காபி டம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள். பிறகு தட்டைத் தூக்காமல் நின்று, "உங்களப் பத்தி என்ன சொல்லணும்க்கா?" என்று கேட்டாள்.

வெளியே இன்னாசி யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். ஜெனோவா அந்தத் தட்டைத் தான் தூக்கிக்கொண்டாள்.

"அக்கா ஒருத்தி இருந்தா, பொண்ணு கேக்க வந்தான்னு சொல்லு" என்றாள். "அது போதும்."